முட்டையைக் காட்டினால் ரத்தம்

ஒரு காட்டில் பூரணி என்றொரு கொசு இருந்தாள். காடு என்றால் சிங்கம் இருக்க வேண்டுமே என்பீர்கள். இருந்தது. ஆனால் இந்தக் கதை நடந்த காலம் முழுவதும் அது மீட்டிங்கில் இருந்தது. அதனால் கதையைக் கரடியை வைத்துத்தான் நடத்தியாக வேண்டும்.

பூரணிக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் கதிரேசன் தங்கமானவன். ஆண் கொசுக்களுக்கே உரிய அடர்ந்த மீசை அவன் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டிருக்கும். வாய் மட்டும் ரொம்ப மென்மை. பூவில் தேன் உறிஞ்ச ஆகும், தோலைத் துளைக்க ஆகாது. பிறவியிலேயே அவன் இனத்து ஆண்களுக்கு அமைந்த வாய் அது. ஆனால் கதிரேசன் அதைத் தன் கொள்கை என்று சொல்லி வந்தான். "நமக்கு அசைவம் ஒத்துக்காதுங்க" என்று நாலு பேர் கூடும் இடத்தில் மீசையை நீவிக்கொள்வான். காட்டில் அவனுக்கு நல்ல பெயர்.

பூரணியின் பாடு வேறு. அவள் சினைப்பையில் முட்டைக் கருக்கள் எல்லாம் உருவாகி வரிசையாக வந்து நின்றன. நின்றதோடு சரி, வளரவில்லை. வளர வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கரு சேர வேண்டும். மஞ்சள் கருவுக்குப் புரதம் வேண்டும். தேனில் இனிப்புத்தான் இருக்கிறது. பறக்கத் தெம்பு கொடுக்கும், பிள்ளை கொடுக்காது. புரதம் இருக்கும் இடம் ரத்தம். ஒரே ஒரு தடவை வயிறாரக் குடித்தால் போதும், அத்தனை முட்டையும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

அந்த ஒரு தடவைக்குத்தான் வழியில்லை. கரடி அப்போது 'கடியில்லாக் காடு' என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, அதற்குத் தானே அதிகாரியாகவும் ஆகியிருந்தார். மான், முயல், காட்டெருமை எல்லோருக்கும் கழுத்தில் ஒரு பட்டை கட்டினார்கள். பட்டையில் ஒரு கருவி. கொசு வந்து உட்கார்ந்தால் அது "கொசு! கொசு! வலது தொடை!" என்று இடத்தோடு சேர்த்துக் கூவும். கூவிய நொடியில் கரிச்சான் குருவிப் படை பறந்து வரும். பூரணியின் தோழி மாதுளை அப்படித்தான் போனாள். புள்ளிமானின் காதில் உட்கார்ந்தவள், "இடது காது!" என்ற சத்தத்தைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கரிச்சானின் தொண்டைக்குள் இருந்தாள். அவள் வயிற்றிலும் முட்டைக் கருக்கள் காத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றி யாரும் பேசவில்லை.

கருவி இல்லாத ஒரே கழுத்து கரடியுடையது. சட்டம் போட்டவர் கழுத்தில் பட்டை கட்டுவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார்கள். கட்டினாலும் அந்த ரோமக்காட்டில் அது எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

பூரணி சட்டத்தை மதிப்பவள். முறையாக அனுமதி கேட்டுப் பார்ப்போம் என்று கரடியின் அலுவலகத்துக்குப் போனாள். பாறைப் பொந்துதான் அலுவலகம். வாசலில் நீண்ட வரிசை. மூட்டைப்பூச்சி, பேன், தெள்ளுப்பூச்சி என்று எல்லாம் தாய்மார்கள். தெள்ளுப்பூச்சிக்கு நின்ற இடத்தில் நிற்க வராது. அது குதித்துக் குதித்து முன்னால் போவதும், பின்னால் இருப்பவர்கள் "ஏய், வரிசைல வா!" என்று கத்துவதுமாக ஒரே ரகளை.

பூரணியின் முறை வந்தது. கரடி தேன் வழியும் கையை நக்கிக்கொண்டே கேட்டார்:

"அட்டை இருக்கா?"

"இருக்குங்க. காட்டெருமையோட பின்னங்கால்ல."

"உன்னோட அட்டையைக் கேட்டேன்மா."

"என்னோடதுன்னு எப்படிங்க சொல்றது? எல்லாருக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் அவர்."

கரடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அங்கே அதிகம் இல்லாததால் சீக்கிரம் பார்த்து முடித்தார். "சரி, விடு. எதுக்கு வந்தே?"

"முட்டைக்கு ரத்தம் வேணுங்க ஐயா. ஒரே ஒரு தடவை."

"தாராளமா. தாய்மார்களுக்குச் சலுகை இருக்கு. முட்டையைக் காட்டு."

"முட்டை இன்னும் வளரலிங்க. ரத்தம் குடிச்சாத்தான் வளரும்."

"ரத்தம் முட்டைக்காகத்தானே?"

"ஆமாங்க."

"அப்ப முட்டை இருக்கணுமில்ல? இல்லாத முட்டைக்கு எதுக்கு ரத்தம்?"

"ரத்தம் இல்லாமத்தாங்க முட்டை இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். முட்டை இல்லை. அதனால ரத்தம் இல்லை." கரடி திருப்தியோடு சாய்ந்துகொண்டார். "ரெண்டு பேரும் ஒரே கருத்துலதான் இருக்கோம். அடுத்த ஆள் வரலாம்."

பூரணி நகரவில்லை. சிறகு படபடக்க அங்கேயே நின்றாள். கரடிக்கு எரிச்சல் வந்தது. "கோழியைப் பாரும்மா. புதர் ஓரமா ரெண்டு தானியத்தைப் பொறுக்கித் தின்னுட்டு முட்டை போடுது. அது யார் ரத்தத்தையாவது குடிச்சுதா? அதுவும் தாய்தான், நீயும் தாய்தான்."

"கோழிக்குத் தானியத்துலயும் புழுவுலயும் புரதம் கிடைச்சுடுதுங்க. எனக்கு அலகு இல்லிங்களே. நீர் குடிக்கிற குழாய்தான் இருக்கு."

பின்னால் வரிசையில் இருந்த தாய்மார்கள் "நியாயம்தானே" என்று முணுமுணுத்தார்கள். கூட்டம் முணுமுணுத்தால் கரடிக்குப் பயம். உடனே நிபுணரின் கருத்தைக் கேட்டுவிடலாம் என்று காட்டெருமையை வரச் சொன்னார். காட்டெருமை வந்தது. அதன் பின்னங்காலில் தொங்கியபடி அட்டை டாக்டரும் வந்தார்.

அட்டை டாக்டருக்கு இந்தத் திட்டத்தில் விலக்கு உண்டு. கொசு எடுத்தால் கடி, அவர் எடுத்தால் சிகிச்சை. காட்டெருமைக்கு என்ன நோய் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சிகிச்சை மட்டும் தடையில்லாமல் நடந்து வந்தது.

டாக்டர் வாயை எடுக்க மனமில்லாமல் எடுத்துவிட்டுப் பேசினார். "இந்தம்மா சொல்றது சரிதான். ரத்தம் உள்ளே போனதும் வயிறு விரியும். விரிஞ்ச சேதி தலைக்குப் போகும். தலையிலிருந்து உத்தரவு கிளம்பும்."

"உத்தரவா? யாரைக் கேட்டு?" என்றார் கரடி.

"உடம்புக்குள்ள போற உத்தரவுங்க. அது கிடைச்சதும் வயிறு ரத்தத்துல இருக்கிற புரதத்தைப் பொடிப்பொடியா உடைக்கும். பொடி எல்லாம் கொழுப்புத் திசுவுக்குப் போகும். கொழுப்புத் திசுதான் அடுப்படி. அங்கே மஞ்சள் கரு தயாராகும். தயாரானது சினைப்பைக்குப் போய் முட்டையில இறங்கும். எல்லாம் தானா நடக்கும்."

"தானாவா?" கரடியால் அதை நம்ப முடியவில்லை. "மேற்பார்வைக்கு ஒருத்தரும் இல்லாமலா?"

"இல்லிங்க."

கரடி கொஞ்ச நேரம் வருத்தத்தோடு யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "டாக்டர், ரத்தத்துல முக்கியமானது என்ன? சிவப்புத்தானே? யானைங்க போன வாரம் ஏதோ தோட்டத்துக்குள்ள புகுந்து பீட்ரூட் அள்ளிட்டு வந்திருக்கு. அதைப் பிழிஞ்சு கொடுத்தா என்ன?"

பூரணி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் காட்டெருமையின் காலைப் பார்த்தார். கொழுத்த கால். தனக்கு இருக்கும் விலக்கு அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"நிறத்தைப் பொறுத்தவரை எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லிவிட்டு வாயைப் பழைய இடத்தில் பொருத்திக்கொண்டார்.

இப்படியாகப் பீட்ரூட் திட்டம் பிறந்தது. தாய்மை அடைய விரும்பும் கொசுக்களுக்கு இலைக்கிண்ணத்தில் தினமும் சாறு வீடு தேடி வந்தது. பூரணியும் குடித்துப் பார்த்தாள். இனிப்பாகத்தான் இருந்தது. பறக்கும்போது சிறகில் கொஞ்சம் தெம்பு தெரிந்தது. சினைப்பையில் மட்டும் ஒரு அசைவும் இல்லை. வரிசையில் நின்ற கருக்கள் நின்றபடியே நின்றன.

கதிரேசனுக்கோ சாறு ரொம்பப் பிடித்துவிட்டது. பூரணி மிச்சம் வைத்ததையும் குடித்தான், பக்கத்து இலைக்காரி வேண்டாம் என்றதையும் குடித்தான். வயிறு உப்பிச் செக்கச்செவேல் என்று மினுங்கியது. நடக்கும்போது இடுப்பில் காலை ஊன்றிக்கொண்டு "அப்பாடா" என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கரடி திட்டத்தை ஆய்வு செய்ய வந்தார். பூரணி ஒட்டிய வயிற்றோடு நின்றாள். பக்கத்தில் கதிரேசன் சிவந்த வயிற்றோடு இலையில் சாய்ந்து கிடந்தான். கரடியின் கண் நேரே அங்கே போயிற்று.

"ஆஹா! எத்தனையாவது மாசம்?"

"ஐயா, அவரு என் வீட்டுக்காரர்" என்றாள் பூரணி.

"அதெல்லாம் குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். பலன் தெரியுதா இல்லையா?" கரடிக்குப் பரவசம் தாங்கவில்லை. "திட்டத்தோட முதல் தாய்! வர்ற பௌர்ணமியன்னிக்குக் காலையில பாராட்டு விழா!"

"ஐயா, அவருக்கு மீசை இருக்குங்க."

"மீசை வச்ச தாய்!" என்றார் கரடி இன்னும் பூரித்து. "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும் பாரு!"

கதிரேசன் மறுத்துப் பேசுவான் என்று பூரணி எதிர்பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், கரடியின் முகத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். கரடி போன பிறகு பூரணி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க தாயா?"

"நான் எங்கே சொன்னேன்? அவங்களா சொல்றாங்க. பெரிய மனுஷன் ஆசையா ஒண்ணு சொல்லும்போது இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா?"

"முட்டையைக் காட்டச் சொன்னா?"

"விழா முடியட்டும் பூரணி" என்றான் கதிரேசன். புளித்த ஏப்பம் ஒன்று விட்டான்.

இதோடு இன்னொரு கொடுமையும் நடந்தது. முதல் தாய் என்பதால், ரத்தம் குடித்துக்கொள்ளும் அனுமதியைக் கரடி கதிரேசனுக்கே கொடுத்துவிட்டார். அவன் எந்த மிருகத்தின் மேல் உட்கார்ந்தாலும் கருவி கூவாது. துளைக்க வாய் இல்லாதவனுக்குக் காடு முழுக்கத் திறந்து கிடந்தது. அவன் ஆசைக்கு ஒருநாள் மானின் முதுகில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரோமம் கூசுது" என்று இறங்கி வந்தான்.

பூரணி தனியாகப் பறந்து போனாள். முட்டையிட என்று அவள் பார்த்து வைத்திருந்த இடம் ஒரு யானையின் காலடிக் குழி. மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்த குழி இப்போது ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் ஒரு கலங்கல் திட்டு மட்டும் மிச்சமிருந்தது. அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். தண்ணீருக்கும் ஆயுசு குறைவு, தனக்கும் குறைவு. கொசுவின் வாழ்க்கையில் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சே கிடையாது. மாதுளையை நினைத்துக்கொண்டாள். கரிச்சான் தின்றாலும் போவோம், இப்படிக் காத்துக்கொண்டே கிடந்தாலும் போவோம். குடித்துவிட்டுப் போனால் என்ன?

யாரிடம் குடிப்பது என்பதுதான் கேள்வி. எல்லாக் கழுத்திலும் பட்டை. அன்று சாயங்காலம் முழுக்க அவள் காட்டின் கழுத்துகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். பட்டை இல்லாத அந்த ஒரு கழுத்தில் வந்து நின்றாள்.

விழா நாள் வந்தது. மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் கதிரேசனுக்கு ஒரு செம்பருத்திப் பூ ஆசனம். கழுத்தில் தும்பைப்பூ மாலை. பக்கத்தில் கரடி. எதிரே ஒரு குரங்கு, எப்போதோ சுற்றுலா வந்தவரிடம் பிடுங்கிய செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. பந்தலைச் சுற்றிக் கரிச்சான் படை.

"ஐயா, வீடியோ ஓடுது. சிங்கம் ஐயா மீட்டிங்ல இருந்து நேரடியாப் பார்க்கிறாங்களாம். முகத்தை மட்டும் ஆட்டாதீங்க" என்றது குரங்கு.

கரடி கல்லாகி நின்றார். அந்த நேரத்தில்தான் பூரணி பந்தலின் மூங்கிலில் இருந்து கிளம்பி, சத்தம் போடாமல் இறங்கி வந்தாள். கரடியின் உடம்பெல்லாம் ரோமம். குத்த இடமில்லை. ஒரே ஒரு இடம் மட்டும் வழவழவென்று, ஈரமாக, கறுப்பாக இருந்தது. பூரணி கரடியின் மூக்கு நுனியில் உட்கார்ந்தாள்.

"பெரியோர்களே, தாய்மார்களே," என்று கரடி தொடங்கினார், "இந்தத் திட்டம் வந்த நாளிலிருந்து இந்தக் காட்டில் ஒரே ஒரு கடிகூட, ஆ..."

"ஆ?" என்றது குரங்கு.

கரடியின் இரண்டு கண்ணும் மூக்கு நுனிக்கு வந்து சேர்ந்தன. அங்கே பூரணி இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூரணிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் குழாயை எடுக்கவில்லை. கரடி கை ஓங்கினால் அடிப்பது வீடியோவில் விழும். அடித்தால் கொசு. கொசு என்றால் கடி. கடி என்றால் திட்டம் போச்சு.

"ஆ...னந்தமாக அறிவிக்கிறேன்," என்றார் கரடி கண்ணில் நீர் மல்க, "ஒரு கடிகூட நடக்கவில்லை!"

கூட்டம் கைதட்டியது. பூரணி உறிஞ்சினாள். சூடான, கனத்த ரத்தம் உள்ளே இறங்கியது. வயிறு மடிப்பு மடிப்பாக விரிந்தது. ரத்தத்தில் பாதி தண்ணீர்தானே. அத்தனையையும் சுமந்துகொண்டு பறக்க முடியாது. அதனால் கொசுக்கள் குடிக்கும்போதே பின்னால் தண்ணீரை இறக்கிவிடும். பூரணியும் இறக்கினாள். சொட்டுச் சொட்டாகக் கரடியின் உதட்டில் விழுந்தது. கரடி நக்கிப் பார்த்தார்.

"பன்னீர் தெளிக்கிறார்கள்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "கொஞ்சம் உப்பாக இருக்கிறது. இருந்தாலும் நன்றி."

கரிச்சான்களின் தலைவன் மூக்கைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. கழுத்தை நீட்டிக் கரடியின் முகக்குறிப்பைப் பார்த்தான். கரடி தலையை ஆட்டாமல், கண்ணால் மட்டும் 'வேண்டாம்' என்றார். கடி நடக்காத காட்டில் கரிச்சான் எதைக் கொத்தும்? அவனும் வானத்தைப் பார்த்துக்கொண்டான்.

பேச்சு நீண்டது. பூரணி இனி ஒரு சொட்டுக்கும் இடமில்லாமல் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தள்ளாடி எழுந்து, பக்கத்து மருத மரத்தின் பட்டையில் போய் ஒட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. உடம்பு கொதித்தது. வயிற்றுக்குள் ரத்தம் உடைய உடைய ஒரு கிறுகிறுப்பு. உடைத்ததில் ஆகாத கழிவெல்லாம் விஷம் மாதிரி. அதைக் கறுப்புக் கறுப்பாக வெளியே தள்ள வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே எங்கோ அடுப்பு பற்றிக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. வரிசையில் நின்ற கருக்கள் ஒவ்வொன்றாகக் கனக்கத் தொடங்கின.

மரத்தடியில் காட்டெருமை வந்து முதுகைத் தேய்த்தது. டாக்டர் கீழிருந்து தலையை நீட்டினார்.

"குடிச்சிட்டே போலிருக்கே."

"குடிச்சிட்டேன் டாக்டர். ஆனா எல்லாம் ஒரே மாதிரி வளரலையே. சிலது அப்படியே கிடக்கே?"

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனை நாளா உனக்குச் சரியான சாப்பாடு இல்ல. குடிச்சதுல கொஞ்சத்தை உன் உடம்பு தனக்குன்னு எடுத்துக்கும். மிச்சம் எல்லா முட்டைக்கும் பத்தாது. அதனால சினைப்பை சில கருக்களைக் கரைச்சு, அந்தச் சத்தை மத்ததுக்குத் திருப்பிவிடும்."

பூரணி பட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எதைக் கரைக்கணும்னு நான் சொல்லணுமா?"

"உன்னைக் கேட்காதும்மா."

"நல்ல வேளை" என்றாள் பூரணி. பிறகு, "அன்னிக்கே அலுவலகத்துல நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாமே பிழைச்சிருக்கும் டாக்டர்" என்றாள். டாக்டர் அவசர சிகிச்சை இருப்பதாகச் சொல்லிக் காட்டெருமையின் தொடை இடுக்குக்குள் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கோடை மழை பெய்தது. யானைக் காலடியை மழை சேற்றோடு மூடிவிட்டது. பூரணி கனத்த வயிற்றோடு தண்ணீர் தேடி அலைந்தாள். பந்தலுக்காக வெட்டிய மூங்கிலின் அடிக்கட்டைகளில் மழை நீர் தெளிவாக நின்றுகொண்டிருந்தது. அரசாங்க விழாவால் ஏழைகளுக்கு ஏதாவது கிடைத்தால் அது இப்படித்தான். தண்ணீர் விளிம்பில் உட்கார்ந்து, பிழைத்த முட்டைகளை ஒவ்வொன்றாக இட்டாள். வெள்ளையாக விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தன. பூரணி அழுதாள். கொசு அழுதால் யாருக்கும் தெரியாது.

குஞ்சுப் புழுக்கள் தண்ணீரில் துள்ளத் தொடங்கியதும் செய்தி பரவிக் கரடி ஓடி வந்தார். மூக்கு இன்னும் பீட்ரூட் போலத்தான் வீங்கியிருந்தது.

"முட்டை! பொரிஞ்சும் போச்சு! பீட்ரூட் பிள்ளைகள்!" என்று கூவினார். கதிரேசனைக் கட்டிப்பிடித்தார். கதிரேசன் பிரசவக் களைப்போடு புன்னகை செய்தான். அப்புறம் கரடி பூரணியைத் திரும்பிப் பார்த்தார். மூக்கைத் தடவிக்கொண்டார். நன்றாக அடையாளம் தெரிந்தது. ஆனாலும் கேட்டார்:

"நீ யாரும்மா?"

பூரணி யோசித்தாள். தாய் பதவி ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

"தகப்பனுங்க" என்றாள்.

"வாழ்த்துகள்" என்றார் கரடி நிம்மதியாக.

அடுத்த சில நாட்களில் பூரணிக்கு மறுபடி பசித்தது. சினைப்பையில் அடுத்த வரிசை வந்து நின்றது. அவள் இந்த முறை தனியாகப் போகவில்லை. அக்கம்பக்கத்துக் கொசுத் தாய்மார்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு கரடியின் அலுவலகத்துக்குப் போனாள். பொந்து வாசலே இருண்டது. கரடி எழுந்து மூக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"என்ன வேணும்?"

"திட்டம் பிரமாதங்க ஐயா," என்றாள் பூரணி. "எங்க ஒவ்வொரு வட்டாரத்துலயும் நீங்க ஒரு விழா வைக்கணும். நீங்க பேசினாத்தான் எங்களுக்கு வயிறு நிறையுது."

பின்னால் நின்ற தாய்மார்கள் "ஆமாங்க" என்று ஒரே குரலில் ரீங்கரித்தார்கள். கரடிக்குப் புரிந்தது. மறுக்கலாமா என்று பார்த்தார். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் திட்டம் போச்சு. மீட்டிங்கில் இருந்த சிங்கமோ வீடியோவைப் பார்த்துவிட்டுப் பாராட்டுச் சொல்லி அனுப்பியிருந்தது.

கரடி பொத்திய கையை மெல்ல எடுத்தார்.

"எவ்வளவு நேரம் பேசணும்?"

"நாங்க நிறையப் பேருங்க ஐயா," என்றாள் பூரணி. "நிதானமாப் பேசுங்க."

நீதி: கடிக்க நினைப்பவர்கள், கடியே நடக்கவில்லை என்று அறிவித்தவராகப் பார்த்துக் கடிக்கவும். அவர் கத்த மாட்டார்.